முளையை நிறுத்தத் தெரிந்தவர்கள்

பார்லியைக் குழைய வேகவைத்து, ஆறியதும் ஈஸ்ட்டைத் தூவி மூடி வைத்துப் பாருங்கள். இரண்டு நாள் கழித்துத் திறந்தால் ஊசிப்போன கஞ்சிதான் இருக்கும். பீருக்கான அறிகுறியே தெரியாது. ஈஸ்ட்டைக் குறை சொல்ல முடியாது. சுற்றிலும் மலையாக உணவு குவிந்து கிடந்தும், அதில் ஒரு வாய்கூட எடுத்துக்கொள்ள அதற்கு வழியில்லை.

பழச்சாற்றில் இந்தச் சிக்கல் கிடையாது. திராட்சையை நசுக்கி வைத்தால் போதும், நொதித்தல் தானாகவே தொடங்கிவிடும். பனம்பாளையில் கட்டும் கலயத்தில் சுண்ணாம்பு தடவாமல் விட்டால், பதநீராக இறங்க வேண்டியது கள்ளாக இறங்கும். இரண்டிலும் சர்க்கரை ஏற்கெனவே கரைந்த நிலையில் இருக்கிறது. ஈஸ்ட் வந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டியதுதான் பாக்கி.

தானியத்தில் அப்படியில்லை. அங்கே சர்க்கரை மாவுச்சத்தாகப் பூட்டப்பட்டிருக்கிறது. நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் குளுக்கோஸ் மூலக்கூறுகள் நீளமாகக் கோத்துக்கொண்டும் கிளைவிட்டும் இறுகிக் கிடப்பதே மாவுச்சத்து. ஈஸ்ட் ஒற்றை குளுக்கோஸை விழுங்கும். இரண்டு குளுக்கோஸ் சேர்ந்த மால்டோஸை விழுங்கும். மூன்று சேர்ந்ததையும் பெரும்பாலும் சமாளித்துவிடும். அதற்கு மேல் நீளமானது எதுவும் அதற்கு உணவாகாது.

ஆகவே தானியத்திலிருந்து பானம் வடிக்க நினைத்த ஒவ்வொரு சமூகமும் ஒரே கேள்விக்கு விடை தேட வேண்டியிருந்தது. இந்தச் சங்கிலியை வெட்டித் தருவது யார்?

உலகம் கண்ட விடைகள் பெரும்பாலும் மூன்றுதான். முதலாவது எச்சில். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதியில் மக்காச்சோளத்தை மென்று துப்பிச் சிச்சா என்ற பானம் செய்தார்கள். வெறும் சோற்றை விழுங்காமல் மென்றுகொண்டே இருந்தால் சற்று நேரத்தில் இனிப்பது ஏன் என்று பள்ளியில் படித்திருப்போம். எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை வெட்டுவதுதான் காரணம். இரண்டாவது பூஞ்சை. ஜப்பானியர் சோற்றின் மேல் கோஜி என்ற பூஞ்சையை வளர்த்து சாகே செய்கிறார்கள். சீனத்திலும் இதே வழிதான். நேபாளத்திலும் சிக்கிமிலும் மர்ச்சா என்ற மாவு வில்லையையும், ஜார்க்கண்ட், ஒடிசா பழங்குடியினர் ராணு என்ற வில்லையையும் சோற்றிலோ கேழ்வரகிலோ கலக்கிறார்கள். அந்த வில்லைகளில் பூஞ்சையும் ஈஸ்ட்டும் சேர்ந்தே குடியிருக்கின்றன.

மூன்றாவது விடை, வெட்டும் வேலையை விதையிடமே ஒப்படைப்பது. மேற்கு ஆசியா, எகிப்து, ஐரோப்பா, ஆப்பிரிக்கா என்று பெரும் நிலப்பரப்பு தேர்ந்துகொண்ட வழி இது. அதன் பெயர்தான் மால்ட். தானியத்தை நனைத்து, முளைக்கவிட்டு, முளை வெளியே நீள்வதற்குள் உலர்த்தி நிறுத்தினால் கிடைப்பது மால்ட். கேட்க எளிது. செய்முறையின் நுட்பம் முழுவதும் ‘நிறுத்தி’ என்ற அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

கரு அனுப்பும் சேதி

ஒரு பார்லி மணியில் பெரும்பகுதி மாவுச்சத்துதான். கரு ஒரு முனையில் சிறிதாக ஒட்டிக்கொண்டிருக்கும். தாய்ச்செடி தன் பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு அந்த மாவு. மண்ணுக்குள் இலையும் வெளிச்சமும் இல்லாத முதல் சில நாட்களுக்கு அதை வைத்துத்தான் பிழைக்க வேண்டும். அதை எப்போது அவிழ்ப்பது என்பதுதான் கருவின் முன் உள்ள கேள்வி. மழை வருவதற்கு முன்பே அவிழ்த்தால் கெட்டுப்போகும். நனைந்த பிறகும் அவிழ்க்காவிட்டால் பட்டினி.

தண்ணீர் உள்ளே இறங்கியதும் கரு ஜிப்பரெல்லின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது மாவைச் சுற்றிப் போர்த்தியிருக்கும் அலியூரோன் என்ற மெல்லிய படலத்தை அடைகிறது. பார்லியில் இந்தப் படலம் மூன்று செல் கனம். கோதுமையில் ஒரே செல் கனம். சேதி கிடைத்ததும் இந்தச் செல்கள் நொதிகளை உண்டாக்கி உள்ளே அனுப்பத் தொடங்குகின்றன. முதலில் மாவுச்சத்தை அடைத்து வைத்திருக்கும் செல் சுவர்கள் கரைகின்றன. பிறகு புரதம் உடைகிறது. மாவுச்சத்தை வெட்டும் ஆல்ஃபா அமைலேஸும் வந்து சேர்கிறது. பீட்டா அமைலேஸ் என்ற இன்னொரு நொதி, கதிர் முற்றும்போதே மணிக்குள் வந்து கட்டுண்டு கிடக்கும். அதுவும் இப்போது விடுபடுகிறது.

இதைக் கண்ணால் பார்க்கும்படி ஒரு சோதனை உண்டு. பார்லி மணியைக் குறுக்கே வெட்டிக் கரு உள்ள பாதியையும் இல்லாத பாதியையும் ஈரத்தில் தனித்தனியே வைக்க வேண்டும். கரு உள்ள பாதியில் மாவு இளகிக் கரையும். கரு இல்லாத பாதி நனைந்தபடி சும்மா கிடக்கும். அந்தச் சும்மா கிடக்கும் பாதிக்கு ஜிப்பரெல்லின் கரைசலில் ஒரு துளி கொடுத்தால், கரு இருப்பதாகவே எண்ணிக்கொண்டு அதுவும் தன் மாவைக் கரைக்க ஆரம்பிக்கும். ஊட்ட வேண்டிய பிள்ளை அங்கே இல்லை என்பது அந்தப் படலத்துக்குத் தெரியாது. ஜப்பானில் ஹருகோரோ யோமோவும் ஆஸ்திரேலியாவில் லெஸ்லி பாலெக்கும் 1960இல் ஒருவரையொருவர் அறியாமலே இந்த உண்மையைக் கண்டார்கள்.

ஜிப்பரெல்லின் கண்டுபிடிக்கப்பட்டது பார்லியில் இல்லை, நெல் வயலில் என்பது இதன் சுவையான முன்கதை. நாற்றுகள் வெளிறி, அளவுக்கு மீறி உயர்ந்து, தாங்க முடியாமல் சாயும் ஒரு நோய் ஜப்பானிய உழவர்களை வாட்டிக்கொண்டிருந்தது. ஒரு பூஞ்சை சுரக்கும் பொருளே நாற்றை இப்படி விரட்டி வளர்க்கிறது என்று 1926இல் தைவானில் இருந்த எய்ச்சி குரோசவா காட்டினார். அந்தப் பொருளைத்தான் பின்னர் பிரித்தெடுத்து ஜிப்பரெல்லின் என்றார்கள். நாற்றைக் கெடுத்த அதே பொருளை, முளைப்பை விரைவுபடுத்த இன்று சில மால்ட் ஆலைகள் சொட்டுக் கணக்கில் தெளிக்கின்றன.

ஐந்து நாள் காவல்

ஆலைக்கு வரும் பார்லியில் ஈரம் சுமார் 12 சதவீதம்தான். அதைத் தொட்டியில் ஊறவைத்து, இடையிடையே நீரை வடித்துக் காற்று கொடுத்து, ஈரத்தை 45 சதவீதம் அளவுக்கு ஏற்றுவார்கள். விதை மூச்சுவிட வேண்டும். தொடர்ந்து நீரிலேயே மூழ்கிக் கிடந்தால் திணறிச் செத்துவிடும். ஏறக்குறைய இரண்டு நாளில் மணியின் அடியில் வெள்ளைப் புள்ளியாக வேர் எட்டிப் பார்க்கும்.

அடுத்த நான்கைந்து நாள் தானியம் 15 டிகிரியை ஒட்டிய குளிர்ச்சியில் பரந்து கிடக்கும். முளைக்கும் விதை சர்க்கரையை எரித்து வெப்பம் விடுகிறது; குவியலை அப்படியே விட்டால் தானே கொதித்துக் கெடும். வேர்களும் ஒன்றோடொன்று பின்னிப் பாயாகிவிடும். ஆகவே நாளுக்குப் பலமுறை கிளறியாக வேண்டும். இப்போது பெரும்பாலும் எந்திரம் கிளறுகிறது. ஸ்காட்லாந்தில் விஸ்கி வடிக்கும் சில பழைய இடங்களில் இன்னும் ஆட்கள் தரையில் பரப்பி மரத் துடுப்பால் புரட்டுகிறார்கள். அந்த வேலையில் ஒரு தோள் கீழிறங்கித் தொங்கிப்போவது முன்பு வழக்கமான தொழில் நோய். குரங்குத் தோள் என்றே அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

எப்போது நிறுத்துவது? வேர் வெளியே தெரியும். தளிரோ உமிக்கு அடியில் மணியின் முதுகோடு ஊர்ந்துகொண்டிருக்கும். மணியின் நீளத்தில் முக்கால் பங்குக்கு மேல் அது வந்ததும் நேரம் நெருங்கிவிட்டது என்று பொருள். அனுபவசாலிகள் ஒரு மணியை எடுத்துப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்துத் தேய்ப்பார்கள். உள்ளே கட்டி தட்டினால் இன்னும் நாள் வேண்டும். பிசுபிசுத்தால் காலம் தவறிவிட்டது. சாக்பீஸ் போல மெத்தென்று உதிர்ந்து வெள்ளைக் கோடு விழுந்தால் அதுதான் பதம். செல் சுவர்கள் கரைந்துவிட்டன, நொதிகள் நிறைந்துவிட்டன, மாவுச்சத்தோ பெரும்பாலும் செலவாகாமல் அப்படியே இருக்கிறது. விதை தன் வீட்டின் எல்லாக் கதவையும் திறந்து வைத்துவிட்டு இன்னும் சாப்பிட உட்காராத நேரம்.

அந்த நேரத்தில் அதை உலர்த்திவிட வேண்டும். ஈரமாக இருக்கும்போது நொதிகள் சூட்டுக்கு எளிதில் சாகும். உலர்ந்த பிறகு அதே சூட்டைத் தாங்கும். ஆகவே முதலில் மிதமான காற்றில் ஈரத்தை விரட்டி, அதன் பிறகே 80 டிகிரி, 85 டிகிரி என்று ஏற்றுவார்கள். கடைசியில் ஈரம் ஐந்து சதவீதத்துக்குக் கீழே வரும். கரு இறந்துவிடும்; நொதிகள் உறக்கத்தில் இருக்கும். வேர்களை உதிர்த்து மாட்டுத் தீவனத்துக்கு அனுப்பினால், பார்லி போலவே தோன்றுகிற, ஆனால் கடித்தால் மொறுமொறுவென்று உடைந்து இனிக்கிற மால்ட் மீதியாகும். விதை மூச்சாக எரித்ததும் வேராக வளர்த்ததும் சேர்ந்து, போட்ட தானியத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இந்த வழியில் போய்விடும்.

இரண்டு கத்தி, ஒரு வெப்பநிலை

மால்ட்டை இடித்து வெந்நீரில் கலக்கியதும் உறங்கிய நொதிகள் எழுகின்றன. இங்கே ஒரு டிகிரி ஏறினாலும் இறங்கினாலும் பானம் மாறும். ஆல்ஃபா அமைலேஸ் சங்கிலியை நடுவில் கண்ட இடத்தில் வெட்டும். 70 டிகிரியை ஒட்டி அதற்கு உற்சாகம். பீட்டா அமைலேஸ் முனையிலிருந்து இரண்டிரண்டாக நறுக்கி மால்டோஸாக உதிர்க்கும். 60 முதல் 65 டிகிரி வரை நன்றாக வேலை செய்யும், அதற்கு மேல் விரைவில் தளரும். 62இல் நிறுத்தினால் மால்டோஸ் மிகுந்து, ஈஸ்ட் பெரும்பாலானதை உண்டு, பீர் இலேசாகவும் போதை கூடியும் வரும். 70இல் நிறுத்தினால் ஈஸ்ட் தொட முடியாத நடுத்தர நீளச் சங்கிலிகள் மிஞ்சும். பீர் நாக்கில் கனமாக நிற்கும். பெரும்பாலோர் சுமார் 65ஐத் தேர்வது இரண்டுக்கும் இடையில் செய்துகொண்ட சமரசம்.

வெட்டி முடிந்ததா என்று பார்க்க இன்றும் பள்ளி ஆய்வகச் சோதனைதான். வெள்ளை ஓட்டில் கரைசலை ஒரு சொட்டு விட்டு அயோடின் ஒரு சொட்டு விடுவார்கள். நீலக்கறுப்பு தோன்றினால் மாவுச்சத்து மீதி இருக்கிறது. அயோடினின் பழுப்பு மாறாமலே இருந்தால் வேலை முடிந்தது. முதலில் விட்ட சொட்டு மை போலக் கறுத்ததையும், ஒரு மணி நேரம் கழித்து அதே தொட்டியிலிருந்து எடுத்த சொட்டு நிறம் மாறாமல் கிடப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தானியம் சர்க்கரையானதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

பார்லி மற்ற தானியங்களை முந்தியதற்கு இங்கேதான் காரணம் இருக்கிறது. மாவுச்சத்து நீரில் வெந்து இளகினால்தான் நொதி அதை நன்றாகப் பற்ற முடியும். பார்லியின் மாவு 60 முதல் 65 டிகிரிக்குள்ளேயே இளகிவிடுகிறது. அதாவது நொதி உயிரோடிருக்கும் அதே வெப்பத்தில். ஆகவே ஒரே தொட்டியில் இரண்டு வேலையும் முடிகின்றன. அரிசிக்கும் மக்காச்சோளத்துக்கும் சோளத்துக்கும் அதைவிடக் கூடுதல் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் நொதிகள் மடிந்துவிடும். மேலும் பார்லியின் உமி மணியோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. கரைசலை வடிக்கும்போது அந்த உமியே அடியில் படுகையாகி வடிகட்டியாகிவிடும். வடித்த இனிப்பு நீரை ஹாப்ஸ் பூவோடு கொதிக்கவைத்து, ஆற்றி, அதன் பிறகு ஈஸ்ட்டைச் சேர்ப்பார்கள். பட்டினி கிடந்த ஈஸ்ட்டுக்கு இப்போதுதான் விருந்து.

இந்த வெட்டும் பொருளை மால்ட்டிலிருந்து தனியே பிரித்துக் காட்டியவர்கள் பிரான்ஸைச் சேர்ந்த ஆன்செல்ம் பாயனும் ஜான் ஃபிரான்சுவா பெர்சோவும். ஆண்டு 1833. மால்ட் ஊறிய நீரில் ஆல்கஹாலை ஊற்றியபோது படிந்த வெண்பொருள் மாவுச்சத்தைக் கரைத்தது. கொதிக்கவைத்தால் அந்த ஆற்றலை இழந்தது. டயஸ்டேஸ் என்று பெயரிட்டார்கள். தனியே பிரித்தெடுக்கப்பட்ட முதல் நொதி அதுதான். உயிர்வேதியியல் என்ற துறைக்கு அப்போது பெயர்கூட வைக்கப்படவில்லை.

நிறத்தைக் கொடுத்தது யார்?

பீரின் நிறம் ஏறக்குறைய முழுக்க மால்ட்டை உலர்த்திய சூட்டிலிருந்து வருகிறது. 80 டிகிரியில் நிறுத்தினால் வெளிர்ப்பொன். 100ஐத் தாண்டினால் தேன் நிறமும் ரொட்டி மேல்தோலின் மணமும் வரும். 200ஐத் தாண்டினால் காப்பிக் கறுப்பு. சர்க்கரையும் அமினோ அமிலமும் சூட்டில் சேர்ந்து நடத்தும் வினை இது. 1912இல் இதை விவரித்த லூயி கமீல் மையாரின் பெயரால் அறியப்படுகிறது. முளைக்கும்போது மாவிலிருந்து சர்க்கரையும் புரதத்திலிருந்து அமினோ அமிலமும் கிடைத்துவிடுவதால், முளைக்காத தானியத்தை விட மால்ட்டில் இந்த வினை பலமாக நடக்கும். ஆனால் நிறம் ஏற ஏற நொதி சாகும். கறுத்த மால்ட்டில் வெட்டும் ஆற்றல் துளியும் இராது.

இந்த உண்மை லண்டன் மதுவாலைகளுக்கு எண்ணிக்கையில் தெரியவந்தபோது ஒரு தொழிலே திசை மாறியது. பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் போர்ட்டர் என்ற கருமையான பீர்தான் உழைப்பாளிகளின் குடி. விறகுத் தீயில் பழுப்பேறிய மால்ட்டிலிருந்து அதைச் செய்தார்கள்; விலை மலிவு என்பது கணக்கு. கரைசலின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை மதுவாலைக்குள் கொண்டுவந்தவர்களில் ஜான் ரிச்சர்ட்சன் முக்கியமானவர். 1784இல் தன் அளவீடுகளை வெளியிட்டார். பழுப்பு மால்ட் வாங்கும்போது மலிவுதான், அதிலிருந்து இறங்கும் சர்க்கரையோ வெளிர் மால்ட்டை விட மிகக் குறைவு என்று கருவி காட்டிக் கொடுத்தது. முதலாளிகள் வெளிர் மால்ட்டுக்குத் தாவினார்கள். பீர் வெளிறியது, வாடிக்கையாளர் முகம் சுளித்தார். கருக்கிய சர்க்கரையைக் கலந்து நிறத்தை ஒப்பேற்றப் பார்த்தார்கள். 1816இல் சட்டம் குறுக்கே வந்து, மால்ட்டும் ஹாப்ஸும் தவிர எதையும் கலக்கக் கூடாது என்றது. மறு ஆண்டே டேனியல் வீலர் என்பவர், காப்பிக்கொட்டை வறுப்பது போலச் சுழலும் உருளையில் மால்ட்டைக் கரியாமல் கறுக்க வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். சட்டப்படி அதுவும் மால்ட்தானே! சர்க்கரைக்கு வெளிர் மால்ட், நிறத்துக்கு ஒரு கைப்பிடி கறுப்பு மால்ட் என்று வேலை பிரிந்தது. இன்றைய கறுப்பு பீர்களின் கணக்கும் பெரும்பாலும் அதுவே.

அமர்னாவும் தொண்டை நாடும்

பண்டை எகிப்தியர் பாதி வெந்த ரொட்டியை நீரில் பிய்த்துப் போட்டுப் பீர் செய்தார்கள் என்று நெடுங்காலம் எழுதி வந்தார்கள். கல்லறைச் சுவர் ஓவியங்களைப் பார்த்து வந்த முடிவு அது. டெல்வென் சாமுவேல் என்ற தொல்தாவரவியலாளர் ஓவியத்தை விட்டுவிட்டுப் பானையைப் பார்த்தார். அமர்னாவிலும் தேர் எல் மதீனாவிலும் கிடைத்த, மூவாயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட பானைகளின் உட்புறத்தில் காய்ந்து ஒட்டியிருந்த கசட்டை எலக்ட்ரான் நுண்ணோக்கியின் கீழ் வைத்தார். சில மாவுச்சத்துத் துகள்களில் குழிகளும் துளைகளும் தெரிந்தன; முளைக்கும் விதையில் நொதி அரித்தால் விழும் தடம் அது. வேறு சில துகள்கள் வெந்து உப்பி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஒரு பங்கு மால்ட்டை வேகவைக்காமல் நீரில் கரைத்து, இன்னொரு பங்கு தானியத்தை நன்றாகச் சூடேற்றி, பிறகு இரண்டையும் கலந்திருக்கிறார்கள் என்று 1996இல் அவர் எழுதினார். வெந்த பங்கு மாவை இளக்கித் தருகிறது. வேகாத பங்கு நொதியைக் காப்பாற்றித் தருகிறது. இரண்டில் எது குறைந்தாலும் பானம் இல்லை.

இதே தர்க்கம் தமிழிலும் பதிவாகியிருக்கிறது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் வலைஞர் குடியிருப்பில் கிடைக்கும் கள்ளைச் சொல்லும்போது, அதன் செய்முறையையே சொல்லிவிடுகிறார். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிக் காய்ச்சுகிறார்கள். அகன்ற வாயுள்ள தட்டில் கொட்டி ஆற்றுகிறார்கள். அதன் பிறகே அடையைக் கலக்கிறார்கள். அந்த அடை நல்ல முளையை இடித்தது என்று நச்சினார்க்கினியர் உரை சொல்கிறது. இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிகிறார்கள்.

காய்ச்சு, ஆற்று, பிறகு முளையைச் சேர். இந்த வரிசையை மாற்றினால் பயன் இல்லை. கொதிக்கும் களியில் முளையைப் போட்டால் நொதி அப்போதே செத்துவிடும். வேகாத அரிசியில் போட்டால் நொதிக்குப் பிடி கிடைக்காது. அரிசியின் மாவு இளகுவதற்கு வேண்டிய சூடு பார்லியை விடக் கூடுதல் என்று பார்த்தோம். அந்தச் சிக்கலுக்குத் தொண்டை நாட்டு வலைஞர் பயன்படுத்திய தீர்வு ஓர் அகன்ற தட்டுதான். நொதி என்ற ஒன்று இருப்பது பாயனுக்குத் தெரியவருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, அது எந்தச் சூட்டைத் தாங்காது என்பது அவர்கள் கைக்குத் தெரிந்திருந்தது.

கேழ்வரகின் இரண்டு வாழ்க்கை

மால்ட் என்றதும் தமிழ்நாட்டில் மதுவை நினைப்பவர் குறைவு. ராகி மால்ட்டும் ஹார்லிக்ஸும்தான் நினைவுக்கு வரும். ஹார்லிக்ஸும் பார்லி மால்ட்டில் பிறந்ததுதான். இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துக்குப் போன ஜேம்ஸ், வில்லியம் என்ற சகோதரர்கள் மால்ட்டும் கோதுமையும் ஊறிய இனிப்பு நீரைப் பாலோடு சேர்த்து உலர்த்திப் பொடியாக்கி 1883இல் காப்புரிமை பெற்றார்கள். ஈஸ்ட்டைச் சேர்க்காமல் விட்டதுதான் பீருக்கும் அதற்கும் உள்ள முக்கிய வேறுபாடு.

கேழ்வரகின் கதை இதைவிட நெருக்கமானது. கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்தில் பயிராகி, சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் வந்த தானியம் அது. சிறுதானியங்களில் முளைத்தால் அமைலேஸ் நிறைய தருவது இதுதான். உகாண்டாவில் தேசோ மக்கள் கேழ்வரகு மால்ட்டில் அஜோன் என்ற பானம் செய்து, பானையைச் சுற்றி அமர்ந்து நீண்ட குழலால் உறிஞ்சுகிறார்கள். தென்னிந்தியாவில் அதே முளைகட்டிய கேழ்வரகைக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறோம்.

இரண்டிலும் நடப்பது ஒரே வேதியியல். குழந்தையின் வயிறு சிறியது. கெட்டியான கஞ்சியில் சத்து உண்டு, விழுங்க முடியாது. நீர் ஊற்றித் தளர்த்தினால் விழுங்கலாம், சத்து இராது. கெட்டிக் கஞ்சியை இறக்கி, சற்று ஆறியதும் முளைகட்டிய கேழ்வரகு மாவு ஒரு சிறு கரண்டி போட்டுக் கலக்கினால், கரண்டியில் ஒட்டி நின்ற கஞ்சி சில நிமிடங்களில் இளகி ஊற்றும் பதத்துக்கு வந்துவிடும். ஒரு சொட்டு நீரும் சேர்க்கவில்லை. சங்கிலிகள் குட்டையானதுதான் மாற்றம். பிறகு ஒரு கொதி விட்டு ஊட்டலாம். மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் முளைதானியக் குழந்தை உணவை ஆராய்ந்தார்கள். பரோடாவில் தாரா கோபால்தாஸ் இந்த நொதி மாவை ஊட்டச்சத்துக் குறைவுக்கு மருந்தாகவே பரிந்துரைத்தார். மணத்துக்காக முளைதானியத்தைச் சிவக்க வறுத்து அரைப்பவர்கள் லண்டன்காரர்களின் பாடத்தை நினைவில் வைத்துக்கொள்ளலாம். மணம் வரும், நொதி போய்விடும்.

மால்ட் இல்லாமல் முடியுமா?

முடியும் என்று முதலில் வணிகமாகக் கிளம்பியவர் ஜப்பானியரான ஜோகிச்சி தகாமினே. கோஜிப் பூஞ்சையின் நொதி மால்ட்டை விட மலிவு, வேகமானது என்று சொல்லி 1890இல் அமெரிக்காவுக்குப் போய், இல்லினாய் மாநிலத்தின் பியோரியாவில் விஸ்கி தயாரிப்பில் இறங்கினார். மால்ட் உற்பத்தியாளர்கள் எதிர்த்தார்கள், ஆலை தீப்பற்றி எரிந்தது, திட்டம் குலைந்தது. தகாமினே அந்த நொதியைச் செரிமான மருந்தாக மாற்றி 1894இல் காப்புரிமை பெற்றார். இன்று நம்மூர் மருந்துக்கடைச் செரிமான சிரப் புட்டியில் ‘ஃபங்கல் டயஸ்டேஸ்’ என்று அச்சிட்டிருந்தால், அது அந்தத் தோல்வியின் வழித்தோன்றல்.

நூறு ஆண்டு கழித்து நைஜீரியா வேறு வழியின்றி இதே பாதைக்கு வந்தது. அந்நியச் செலாவணியைக் காக்க 1988இல் பார்லி மால்ட் இறக்குமதிக்கு அரசு தடை போட்டது. உள்ளூர்ச் சோளத்தை மால்ட்டாக்கினால் பீட்டா அமைலேஸ் போதவில்லை. ஆகவே முளைக்காத சோளத்தை வேகவைத்து ஆலைகளில் தயாரித்த நொதிகளைச் சேர்த்து பீர் காய்ச்சினார்கள். ஜப்பானில் காரணம் வரி. அங்கே மால்ட்டின் பங்கைப் பொறுத்தே வரி அமைந்திருந்தது; அப்போது 67 சதவீதம் இருந்தால்தான் பீர். 1994இல் சன்டோரி நிறுவனம் 65 சதவீதத்தில் ஒரு பானத்தை இறக்கியது. அரசு வரி எல்லையைக் கீழே தள்ள, நிறுவனங்கள் 25க்கும் கீழே போயின. 2004இல் சப்போரோ நிறுவனம் பட்டாணிப் புரதத்தை வைத்து மால்ட்டே இல்லாத பானத்தை நாடெங்கும் விற்றது.

நொதியை இப்போது எடை போட்டு வாங்கலாம். அப்படியிருந்தும் உலகின் பீர் பெரும்பாலும் மால்ட்டிலிருந்துதான் வருகிறது. பட்டாணியைத் தேடிப் போனதிலேயே காரணம் தெரிகிறது. ஈஸ்ட்டுக்குச் சர்க்கரை மட்டும் போதாது; வளர அமினோ அமிலம் வேண்டும், அது முளைக்கும் நாட்களில் உடையும் புரதத்திலிருந்து வருகிறது. நுரை நிற்கப் புரதம் வேண்டும். நிறமும் மணமும் சூட்டில் பிறக்கச் சர்க்கரையும் அமினோ அமிலமும் ஒன்றாக இருக்க வேண்டும். செல் சுவர் கரையாவிட்டால் கரைசல் பசையாகி வடியாது. இத்தனையையும் தனித்தனியே வாங்கிச் சேர்க்கலாம்தான். விதையிடம் கொடுத்தால் தண்ணீரும் காற்றும் ஐந்து நாளும் போதும். கூலியாகப் பத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். கணக்குப் போட்டுப் பார்த்த மதுவாலைகளில் பெரும்பாலானவை இன்னும் விதையையே வேலைக்கு வைத்திருக்கின்றன.